தீர்ந்துபோகும் மணம்

'முகே தெ புவா' என்ற வாசனைத் திரவியத்தை 1941இல் கொண்டுவந்த கோத்தி நிறுவனம் பிற்பாடு அதை நிறுத்திவிட்டது. முகே, மணிகளாகத் தொங்கும் சிறு வெண்பூ. வாசனைத் தொழிலுக்கு உதவும்படி அதிலிருந்து தைலம் கிடைப்பதில்லை. வேறு பொருள்களைக் கூட்டித்தான் ஆன்றி ரொபேர் அந்த மணத்தை உண்டாக்கினார். ஆக, பழைய சீசாவைத் தேடுகிறவர்கள் 'அசல்' என்பது பூவையே தொடாத ஒன்றை. இதில் மோசடி இல்லை. கலைக்கு மூலம் பூ அல்ல, பூவைப் பற்றிய பிரக்ஞை.

என் பிரச்னை வேறு. வெர்சேயில் 1990இல் தொடங்கிய ஒஸ்மோதேக், மறைந்த வாசனைகளை ஆர்கான் வாயுவில், 12 டிகிரியில் காக்கிறது, முகரவும் தருகிறது. சேகரிப்பவர்களிடமோ திறக்காத சீசாவுக்குத்தான் மதிப்பு. செலவழியாததே சொத்து என்ற இந்தக் கணக்கு, வங்கிக் குமாஸ்தாவான எனக்குப் பரிச்சயமானது. ஆனால் மணம் ஆவியாகித்தான் மணமாகிறது. மூடிவைத்திருப்பவனிடம் இருப்பது வெறும் திரவம். அதையும் காலம் உள்ளுக்குள்ளேயே மாற்றிக்கொண்டிருக்கிறது. கடைசித் துளியைத் தடவிக்கொண்டு வெளியே கிளம்பிப்போன யாரோ ஒருத்திதான் அந்த வாசனைக்கு நேர்மையாக நடந்துகொண்டவள் என்று எனக்குத் தோன்றுகிறது.

படிக்காமலே நாம் உன்னதம் என்று சொல்லிவரும் கவிதைகளுக்கும் இது பொருந்தும்.