ஓரறிவுயிரும் பிளேடும்

ராகி இலையின் உள்ளமைப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டுமானால் இலையைச் சீவித்தான் ஆக வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டம் ஜவளகிரி வட்டாரத்து மானாவாரிக் கொல்லைகளில் விளையும் இந்தப் பயிரின் ஒரு துண்டு கண்ணாடித் தகட்டுக்குப் போகும் வழியில் பழைய அறக்கேள்வி ஒன்று குறுக்கே நிற்கிறது. உயிரை அறிவதற்காக உயிரை அழிக்கலாமா? அழித்தபின் தெரிவது உயிர்தானா?

இலைத்துண்டைப் பிளந்த கேரட்டுக்கு நடுவே இறுக்கிப் பிடித்து, பிளேடையும் கேரட்டையும் நனைத்து, ஒரே இழுப்பில் சீவுவது வழக்கம். சீவல்கள் நீரில் மிதக்கும். பெரும்பாலானவை தடித்து இருண்டிருக்கும். ஒளி ஊடுருவும் மெல்லியவை ஒன்றிரண்டே தேறும். அவற்றைத் தூரிகை முனையால் எடுத்து, சாஃப்ரனின் சாயமேற்றிக் கழுவி, ஒரு துளி கிளிசரினில் வைத்து, காற்றுக்குமிழி புகாமல் கண்ணாடி வில்லையைச் சாய்த்து மூடுவார்கள். அப்போது தெரிவது அழகான காட்சி. ஒவ்வொரு நரம்புக்கற்றையையும் பெரிய உறைச் செல்கள் வளையமாகச் சூழ்ந்திருக்கும். அந்த வளையத்தைச் சுற்றி இலைநடுத் திசு கதிர்போல அடுக்கியிருக்கும். கரியமில வாயுவை உள்வளையத்தில் செறிவாகச் சேர்த்து, குறைந்த நீர்ச்செலவில் சர்க்கரை ஆக்கும் சி4 அமைப்பு இது. வானம் பார்த்த நிலத்தில் ராகி தாக்குப்பிடிப்பதற்கான காரணங்களில் ஒன்று இந்த வளையத்தில் இருக்கிறது.

தொல்காப்பிய மரபியல் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர்களில் சேர்க்கிறது; அவற்றுக்குரியது தொடு உணர்வு. சமணமும் தாவரத்தை ஓரறிவுயிராகவே கொள்கிறது. இந்த வட்டாரத்துக்கு அது அந்நியச் சிந்தனை அன்று: ஒன்பதாம் நூற்றாண்டில் நுளம்பர் ஆண்ட தகடூரில், இன்றைய தருமபுரியில், சமணப் பள்ளிக்குக் கொடை அளிக்கப்பட்டதைக் கல்வெட்டு சொல்கிறது. துறவியின் மகாவிரதம் ஓரறிவுயிரையும் வருத்த விடுவதில்லை. இல்லறத்தாரின் அணுவிரதம் தேவைக்காக இடம் தருகிறது; ஆனால் பயனின்றிச் செடிகொடிகளை வெட்டுவது அனர்த்த தண்டம் என்று விலக்கப்படுகிறது. சமந்தபத்திரரின் இரத்தினகரண்ட சிராவகாசாரமும் அதைத் தழுவிய தமிழ் அருங்கலச்செப்பும் இல்லறத்தாருக்கான இந்த ஒழுக்கத்தைப் பேசும் நூல்கள்.

பயனின்றி வெட்டலாகாது என்பதே ஆய்வுக்கூடத்துக்கு மிகவும் பொருந்தும் அளவுகோல். ஒரு செடியில் ஓர் இலை போதுமென்றால் செடியையே பிடுங்குவது பயனற்ற கொலை. காட்டுச்செடிக்குச் சட்டமும் குறுக்கே வரும்: ஜவளகிரிக் காடு 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்தைச் சேர்ந்தது, 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கே அனுமதியின்றி இலை பறிக்க முடியாது.

அழித்தபின் தெரிவது உயிர்தானா என்ற இரண்டாவது கேள்வி இன்னும் கடினமானது. கையால் சீவிய பச்சை இலையில் வெட்டுப்படாத செல்கள் சிறிது நேரமாவது உயிரோடிருக்கும். நிலையான தகடு செய்வதற்கோ இலையை ஃபார்மலின், அசிட்டிக் அமிலம், ஆல்கஹால் கலவையில் ஊறவைத்து முதலிலேயே கொன்றுவிடுகிறார்கள். பிறகு நீரை அகற்றி, மெழுகில் புதைத்து, மைக்ரோடோமில் சுமார் 10 மைக்ரோமீட்டர் தடிமனில் சீவுகிறார்கள். செல்கள் அழுகாமல் ஏறத்தாழ இருந்த இடத்திலேயே நிற்பதற்கு அந்த மரணமே காரணம். எது எங்கே இருந்தது என்பதற்கு அந்தத் தகடு நம்பத்தக்க சாட்சி. எது ஓடிக்கொண்டிருந்தது என்பதை அது சொல்லாது. சாயத்தின் சிவப்பை இலையின் நிறமாகக் கொள்வது எவ்வளவு பிழையோ, தகட்டின் அசைவின்மையைத் தாவரத்தின் இயல்பாகக் கொள்வதும் அவ்வளவு பிழை.

ஓட்டத்தைக் காணக் குளத்து ஹைட்ரில்லா போதும். அதன் இலை, நடுநரம்பு தவிர, இரண்டே செல் தடிமன். நீர்த்துளியில் வைத்தாலே பசுங்கணிகங்கள் செல் சுவரோரமாகச் சுற்றி வருவது தெரியும். அதற்குப் பிளேடு வேண்டியதில்லை. ராகியின் உறை வளையத்துக்கு அந்த வழி கிடையாது, அங்கே சீவுவது தேவை. எந்தக் கேள்விக்கு எது வேண்டும் என்று முடிவுசெய்த பிறகே இலையைப் பறிக்க வேண்டும்.