கொடையும் வாய்மையும்

1888இல் முதல் நூற்பாலை கண்ட கோவையில், பஞ்சு நலிந்தால் நூல் அறும் என்பதை அறியாதார் இலர். பஞ்சின் குறையை மறைத்து விற்பவனை நல்ல வணிகனென மதிப்பாரும் இலர். உடற்கொடைக்கும் இது பொருந்தும் என்போம்.

எலும்பு மஜ்ஜையின் 'ஸ்டெம் செல்' கொண்டு இரத்த நோய் தீர்க்கும் சிகிச்சை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் நடைபெறுகிறது. தேய்ந்த மூட்டைப் புதுப்பிக்கவும் இவ்வகைச் செல்கள் ஆராயப்படுகின்றன. ஆயின், கொடுப்பவரின் முதுமையும் நீரிழிவும் அவற்றின் பெருகும் ஆற்றலைக் குறைக்கக்கூடும்; மறைந்துள்ள தொற்று பெறுபவரையும் பற்றக்கூடும்.

உடன்பிறந்தார் ஒருவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றே. பொருந்தியவர்மீதே குடும்பத்தின் கண்ணெல்லாம் படியும். நோயைச் சொன்னால் 'கொடுக்க மனமில்லை' என்பார்களோ என்றஞ்சி அவர் மறைக்கலாமா? கூடாது. உடல் அமானிதம், குறையைச் சொல்லிக் கொடுப்பதே நேரிய கொடை. தகுதியை மருத்துவர் முடிவு செய்யட்டும். விலக்கப்பட்டவரை ஏசாதிருப்பது சுற்றத்தாராகிய நம் கடமை. மெய்யுரைத்து விலகியவரும் கொடையாளரே.