ஏட்டறிவும் கையறிவும்

அறுவை சிகிச்சையில் முதுநிலைப் பயிற்சிக்குச் சேர்பவர் முதலில் தேடுவது புத்தகம். 1932இல் முதற்பதிப்புக் கண்ட ‘பெய்லி அண்ட் லவ்’ இன்றும் முதுநிலை மாணவர்களின் மேசையில் இருக்கிறது. குடலிறக்கம் எத்தனை வகை, எங்கே கீறுவது, குறுக்கே வரும் நரம்பு எது என்பதெல்லாம் அதில் உண்டு. முடிச்சை எவ்வளவு இறுக்குவது என்பது மட்டும் இல்லை. குடலின் இரு முனைகளை இணைக்கும்போது நூலை அளவுக்கு மீறி இழுத்தால் இரத்த ஓட்டம் தடைபட்டுத் திசு அழுகும். தளர விட்டால் கசியும். நடுவிலுள்ள அந்தப் பதத்தை எந்த நூலாசிரியராலும் எழுதிவிட முடியாது. 1949இல் தத்துவவாதி கில்பர்ட் ரைல், ஒன்றைப் பற்றி அறிவதும் அதைச் செய்ய அறிவதும் வெவ்வேறு என்று வாதிட்டார். அறுவை அரங்கில் அதற்குத் தனி நிரூபணம் வேண்டியதில்லை.

இந்திய மரபில் இந்தப் பிரச்சினையை நேரடியாக எடுத்துக்கொண்ட நூல் சுஸ்ருத சம்ஹிதை. ஏட்டை மட்டும் கற்றவன் நோயாளியைக் கண்டதும், போர்க்களத்தில் கோழை கலங்குவதுபோலக் கலங்குவான் என்கிறது. ஏட்டை ஒதுக்கிவிட்டுக் கைப்பழக்கத்தை மட்டும் நம்பித் துணிபவனோ அரசனிடம் மரண தண்டனை பெறத் தக்கவன். முன்னவனுக்குக் கிடைப்பது ஏளனம், பின்னவனுக்குத் தண்டனை. இந்த ஏற்றத்தாழ்வு நியாயமானதே.

இரண்டையும் இணைக்க அந்நூல் சொல்லும் பயிற்சி வியப்பூட்டுகிறது. கீறிப் பழகப் பூசணி, சுரை, வெள்ளரி. சுரண்டிப் பழக மயிர் நீக்காத தோல். நாளத்தைத் துளைத்துப் பழக இறந்த விலங்கின் இரத்தக் குழாயும் தாமரைத் தண்டும். தைக்கத் தடித்த துணியின் ஓரம். உடற்கூறு அறிய, பிணத்தைப் புல்லால் சுற்றிக் கூண்டிலிட்டு, ஓடும் நீரில் ஏழு இரவு ஊறவைத்து, படலம் படலமாகத் தேய்த்தெடுத்துப் பார்க்க வேண்டும். பெட்டிக்குள் கருவிகளை நுழைத்து, திரையைப் பார்த்தபடி சிறு பொருள்களை முளைக்கு முளை மாற்றிப் பழகும் இன்றைய லேப்ராஸ்கோப்பிப் பயிற்சியும் இதே வழிதான்.

ஆனால் பூசணிக்காயில் இரத்தம் பீறிடாது. எத்தனை மாதிரிகளில் பழகினாலும் முதல் உயிருள்ள உடல் என்று ஒன்று வந்தே தீரும். மருத்துவர் குணப்படுத்துவது பொதுவான ‘மனிதனை’ அல்ல, காலியஸ் என்னும் இந்த ஒருவனை என்று அரிஸ்டாட்டில் ‘மெய்ப்பொருளியல்’ நூலில் எழுதினார். அனுபவத்தின் அவசியத்தைக் காட்டவே அவர் அதைச் சொன்னார். அறத்தின் கேள்வியும் அங்கிருந்தே எழுகிறது. அந்த ஒருவன் இன்னொருவர் கற்பதற்கான கருவியாகலாமா? மனிதரை வெறும் கருவியாக மட்டும் நடத்தலாகாது என்ற தத்துவவாதி காண்ட்டின் விதியில் ‘மட்டும்’ என்ற சொல்தான் வழிவிடுகிறது. ஆனால் அதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. நோயாளிக்குச் சிகிச்சை தேவைப்பட வேண்டும். கத்தி யார் கையில் என்று தெரிந்து அவர் இசைய வேண்டும். கைதேர்ந்தவர் எதிரே நின்று, தேவைப்படும் கணத்தில் கருவியை வாங்கிக்கொள்ள வேண்டும்.

இவற்றில் இரண்டாவது எளிதில் கைவிடப்படுகிறது. பயிற்சி பெரும்பாலும் அரசு மருத்துவமனைகளில் நடக்கிறது. அங்கே படுப்பவர்கள் பெரும்பாலும் ஏழைகள். பணம் உள்ளவர் அறுவை மருத்துவரைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்கிறார். கற்பதன் பளுவை ஒரு சாரார் சுமக்க, கற்றதன் பலனை எல்லோரும் பெறுவது நீதியாகாது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவதற்கு முன், அறுவை செய்யப்போகும் பயிற்சி மருத்துவரே நோயாளியிடம் சென்று தாம் யார் என்று சொல்லியாக வேண்டும்.