பெயர் சொல்லி அழைத்தபோது

சென்ற ஆனி மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குற்றாலம் பேரருவிக்கு முன்னே குளிப்பதற்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். அழைக்கப்பட்டவன் நான் அல்ல என்பது அடுத்த கணமே விளங்கிவிட்டது, அதற்குள் இரண்டு அடி எடுத்து வைத்துவிட்டேன், பிறகு நின்றுவிட்டேன். நடந்தது இவ்வளவுதான். இத்தனை சிறிய சம்பவத்தை மனம் ஏன் மாதக்கணக்காக விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறது என்று விசாரித்துப் பார்க்கவே இதை எழுதுகிறேன்.

கூட்டத்தில் தவறிப்போன ஒரு பெண் குழந்தையைக் காவலர்கள் அருவிக்கரையில் தங்கள் மேஜைக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள். நாலு வயது இருக்கலாம். நனைந்த மஞ்சள் கவுன். அப்பா பெயர் என்னவென்று கேட்டால் “சிதம்பரம்” என்றது. எந்த ஊர் என்று கேட்டாலும் “சிதம்பரம்” என்றே அழுதது. ஆகவே சிதம்பரம் என்ற பெயருடையவர் யாராவது இருந்தாலும், சிதம்பரத்திலிருந்து வந்தவர்கள் யாராவது இருந்தாலும் உடனே வரவேண்டும் என்று அங்கிருந்த ஏட்டு இரண்டு மூன்று தடவை அறிவித்தார். என் பெயர் சிதம்பரம். எனக்கு அந்த வயதில் குழந்தை கிடையாது. நான் அன்று வந்திருந்தது தென்காசியிலிருந்து. இந்த இரண்டு நியாயங்களும் இரண்டு அடிக்குள் எனக்கு உதித்துவிட்டன.

எனக்கு நாலைந்து பேருக்கு முன்னால், உடம்பெல்லாம் எண்ணெய் வடிய, தோளில் ஒரு துண்டுடன் நின்றுகொண்டிருந்த பெரியவர் ஒருவர், ஒன்றும் பேசாமல் வரிசையை விட்டு விலகினார். முக்கால் மணி நேரம் காத்திருந்து, அருவிக்குள் நுழைய அவருடைய முறை வந்துவிட்ட சமயம் அது. நேரே மேஜைக்குப் போனார்.

“ஏட்டய்யா, நாந்தான் சிதம்பரம்.”

“ஒங்க பேத்தியா?”

“இல்ல.”

“அப்ப எதுக்கு வந்திய?”

“பேரைச் சொல்லிக் கூப்பிட்டியள்லா.”

ஏட்டு அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. பெரியவர் குழந்தையின் எதிரே குந்தி உட்கார்ந்தார். தொடுவதற்குக் கை நீட்டியவர், கையைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கி, உள்ளங்கையைத் துண்டில் அழுத்தித் துடைத்தார். திருப்பிப் பார்த்தார், எண்ணெய் போகவில்லை. மறுபடியும் துடைத்தார். அப்புறமும் கையை முழுதாகக் கொடுக்காமல் சுண்டுவிரலை மட்டும் நீட்டினார். குழந்தை அதைப் பற்றிக்கொண்டது. அந்த நேரத்தில் எனக்குப் பின்னால் நின்ற கூட்டம் நெருக்க, நான் அருவிக்குள் தள்ளப்பட்டேன்.

அந்தச் சுண்டுவிரலைப் பற்றித்தான் எனக்கு ஓயாத யோசனை. எண்ணெய்க் கை வழுக்கும் என்றா, குழந்தையின் உடுப்பில் கறை படியும் என்றா, அல்லது தன்னுடையதல்லாத குழந்தையை அவ்வளவுக்கு மேல் தொடலாகாது என்றா, எதனால் அவர் விரலோடு நிறுத்திக்கொண்டார்? பெயரை மட்டுமே சொந்தம் கொண்டாடி வந்த மனிதர், அந்தச் சொந்தத்துக்கு உரிய அளவு ஒரு விரல்தான் என்று எண்ணினாரோ என்னவோ.

எனக்கு இந்தப் பெயர் வந்தது என் தாத்தாவிடமிருந்து. பெயரன் என்பதே மருவிப் பேரன் ஆயிற்று என்பார்கள். பாட்டனின் பெயரைத் தாங்குகிறவன் என்று பொருள். திருநெல்வேலிச் சீமையில் இது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. வீட்டுக்கு வீடு நடைமுறை. இதனால் விளைந்த சங்கடமும் ஒன்று உண்டு. மாமனார் பெயரை மருமகள் உச்சரிக்கலாகாது. ஆகவே என் தாயார் தாம் பெற்ற பிள்ளையைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. “ஐயா” என்றுதான் அழைப்பார். கோபத்தில் அடிக்க வரும்போதும் “ஏ ஐயா, நில்லுங்கேன்” என்றுதான் வரும். ஆச்சிக்கோ அது புருஷன் பெயர். அவள் அந்தப் பெயரையுடைய ஊரைக்கூடச் சொல்லமாட்டாள். திருவாதிரையன்று களி கிண்டும்போது, “தில்லையில இந்நேரம் தரிசனம் ஆயிருக்கும்” என்பாள். வ.உ.சிதம்பரம் பிள்ளையைப் பற்றிப் பேச நேர்ந்தால் அவர் அவளுக்குக் “கப்பல்காரப் பிள்ளை”. ஒரு மனிதரை மணந்த காரணத்தால், ஒரு க்ஷேத்திரத்தின் பெயரும் ஒரு தேசபக்தரின் பெயரும் அவளுடைய நாவுக்கு விலக்காகிவிட்டன. சிறுவனாக இருந்தபோது இதைப் பெரிய வேடிக்கையாக நினைத்தேன். இப்போது யோசித்தால், அந்தப் பெயர்கள் அனைத்தும் ஒரே பெயர்தான், வேறு வேறு அல்ல என்று எங்கள் வீட்டில் உண்மையாக நம்பியவள் அவள் ஒருத்தியே என்று தோன்றுகிறது.

அதற்கு ஒரு சான்று சொல்கிறேன். சென்னையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்துகொண்டிருந்த பயணிகள் கப்பலின் பெயர் ‘சிதம்பரம்’. 1966-இல் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய கப்பல் அது. விஞ்ஞானி பாஸ்தேரின் பெயரை முதலில் பெற்றிருந்தது. 1970-களில் இந்தியக் கப்பல் கழகம் வாங்கிய பிறகு சிதம்பரம் ஆயிற்று. மலாயாவில் உறவினர் உள்ள எத்தனையோ குடும்பங்களுக்கு அந்தக் கப்பல் வீட்டுத் திண்ணையைப் போலப் பழக்கம். 1985-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அது சென்னையை நோக்கி வரும் வழியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் மாண்டார்கள். காலையில் பத்திரிகையை உரக்கப் படித்துக்கொண்டிருந்த நான், ‘சிதம்பரம்’ என்ற சொல்லையும் ‘தீ’ என்ற சொல்லையும் சேர்த்துப் படித்த மாத்திரத்தில், அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஆச்சியின் முறம் நின்றது. தாத்தா காலமாகி அப்போது வெகுகாலம் ஆகியிருந்தது.

“அவுக பேரு வச்ச கப்பலா?” என்று கேட்டாள்.

“ஆமா ஆச்சி.”

“ஆளுக்குச் சேதமா?”

“ஆமா.”

முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லைப்புறம் போய்த் தலைமுழுகி, ஈரச்சேலையோடு வந்து விளக்கு முன்னே சற்று நின்றாள். அந்தக் கப்பலில் எங்களுக்கு உறவினர் யாரும் இல்லை. “நமக்கு என்ன தீட்டு?” என்று என் தகப்பனார் கடிந்துகொண்டார். ஆச்சி பதில் சொல்லவில்லை. கப்பலுக்குப் பெயர் வைத்தவர்கள் எங்கள் தாத்தாவை எண்ணி வைக்கவில்லை என்று அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தும் முழுகினாள். அன்று அதை அறியாமை என்று எண்ணியவன் நான். அந்தக் கப்பல் அதன்பின் பயணிகளை ஏற்றவில்லை, உடைத்துவிட்டார்கள்.

எங்கோ ஆரம்பித்து எங்கோ வந்துவிட்டேன். ஆனால் எண்ணெய் என்று நினைக்கும்போதெல்லாம் என் மனம் இன்னொரு சிதம்பரத்தினிடம் போய்விடுகிறது. தமிழ் நாட்டில் பிறந்தவனுக்கு அது இயல்புதானே. 1906-இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட வ.உ.சி., 1908-இல் தண்டனை பெற்று, கோயமுத்தூர்ச் சிறையில் மாட்டுக்குப் பதிலாக நின்று எண்ணெய்ச் செக்கு இழுத்தார். அந்தச் செக்கு இப்போது சென்னைக் காந்தி மண்டபத்தில் இருக்கிறது. கல்லில் கையை வைத்துப் பார்த்திருக்கிறேன். அவர் ஓட்டிய கப்பல்களின் பெயர்கள் ‘காலியா’, ‘லாவோ’. வெளிநாட்டிலிருந்து வாங்கிய கப்பல்கள் ஆதலால் பெயரும் அங்கிருந்தே வந்தது. சிதம்பரம் என்ற மனிதர் அந்நியப் பெயருள்ள கப்பலை ஓட்டினார். அவர் மறைந்து ஒரு தலைமுறைக்கு மேல் கழிந்து, அந்நியர் கட்டிய கப்பல் ஒன்று சிதம்பரம் என்ற பெயரோடு ஓடிற்று. 1986-இல் தூத்துக்குடியைத் தலைநகராகக் கொண்டு அவர் பெயரில் ஒரு மாவட்டம் உண்டாயிற்று. 1997-இல் மாவட்டங்களிலிருந்து தலைவர்களின் பெயர்களை எடுத்தபோது அதுவும் போயிற்று. 2011-இல் துறைமுகத்துக்கு அவர் பெயர் வந்தது. ஊரின் பெயர் ஆளுக்கு வந்து, ஆளின் பெயர் மாவட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் போய், பெயர் இப்படி ஓயாமல் யாத்திரை செய்கிறது. ஆனால் 1912-இல் அவர் விடுதலையாகிச் சிறை வாசலில் வந்து நின்றபோது, எதிர்கொள்ள வந்தவர்கள் மிகச் சிலரே. அன்று தென்னாட்டில் எத்தனை ஆயிரம் சிதம்பரங்கள் இருந்திருப்பார்கள்!

அதே வ.உ.சி., வக்கீல் தொழில் நடத்தும் உரிமையைத் தமக்குத் திரும்பக் கிடைக்கச் செய்த வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் ஞாபகமாகத் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். எந்த ஆட்சியை எதிர்த்துச் செக்கிழுத்தாரோ, அந்த ஆட்சியின் நீதிபதி ஒருவரின் பெயரைத் தம் வீட்டுக்குள் அழைத்து, தினமும் கூப்பிடும் பெயராக வைத்துக்கொண்டார். நன்றியை அவர் சாஸனமாக எழுதவில்லை. பிள்ளைக்குப் பெயராக இட்டார். இதைவிடப் பெரிய மரியாதையை ஒரு பெயருக்குச் செய்தவர் யார் என்று எனக்குத் தெரியவில்லை.

சிதம்பரம் என்ற பெயர் எங்கள் பக்கத்தில் இவ்வளவு பரவியிருப்பதில் வியப்பு இல்லை. சிவன் ஆடும் ஐந்து சபைகளில் கனகசபை சிதம்பரத்தில் இருக்கிறதென்றால் சித்திரசபை குற்றாலத்தில் இருக்கிறது. அங்கே செம்பொன் கூரையின் கீழ் ஆடுகிறவர் இங்கே சுவரில் வர்ணமாக ஆடுகிறார். குற்றாலத்திலேயே தங்கிக் கம்பனைத் துய்த்து 1954-இல் மறைந்த ரசிகமணியும் சிதம்பரநாதர்தாம். குற்றாலத்துக்கே ஒரு பெயர்க் குழப்பம் உண்டு: நாங்கள் பேச்சில் ‘குத்தாலம்’ என்போம், காவிரிக் கரையில் மயிலாடுதுறைக்கு அருகே எழுத்திலேயே குத்தாலம் என்று ஓர் ஊர் இருக்கிறது. தென்காசியோ பெயரிலேயே இரவல் ஊர். கங்கைக்கரைக் காசிக்குப் போக இயலாதவர்களுக்காக இங்கே ஒரு காசி. சிவகாசி என்று மற்றொன்று. இமயமலையில் உத்தரகாசி என்று வேறொன்று. அசல் ஒன்று, மற்றவை நகல் என்று சொல்லிவிடலாமா? தென்காசியில் விசுவநாதர் சந்நிதியில் நிற்கிறவன், நகலின் முன்னே நிற்பதாக ஒருபோதும் எண்ணுவதில்லை.

எதிர்க்கட்சியையும் சொல்லிவிட வேண்டும். பெயர் ஓர் அடையாளம் மாத்திரமே. ஒரே அடையாளம் பலருக்கு அமைவது தற்செயல். அதனால்தான் முதலெழுத்து வைத்தார்கள், தகப்பன் பெயரையும் கதவிலக்கத்தையும் சேர்த்தார்கள். மருந்துச் சீட்டு மாறிவிடாமல் இருக்கவும், சொத்துப் பத்திரம் சரியான ஆளிடம் போய்ச் சேரவும் இந்தப் பிரிவினை அவசியம். பெயர் காதில் விழுந்த இடத்துக்கெல்லாம் ஓடினால் ஒருவன் தன் காரியத்தைப் பார்ப்பது எப்படி? இரண்டு அடியில் நான் நின்றது விவேகம்தான். இதை நான் பல தடவை எனக்கே சொல்லிப் பார்த்துவிட்டேன். சொல்லி முடிக்கும்போதெல்லாம், துண்டில் இரண்டாம் முறை துடைக்கப்படும் அந்த உள்ளங்கை கண்முன் வந்து நிற்கிறது.

பள்ளிக்கூடத்து நாளில் ஆசிரியர் ஒருவர் தென்காசிக் கோயிலில் எங்களை நிறுத்திப் பராக்கிரம பாண்டியனின் சாசனப் பாட்டுக்குப் பொருள் சொன்னார். பாட்டு எனக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம், பொருள் மறக்கவில்லை. 1446-இல் கட்டத் தொடங்கிய இந்தக் கோயிலுக்குப் பிற்காலத்தில் ஏதேனும் பழுது நேர்ந்து, எவரேனும் வந்து அதைச் சீர்செய்வாராயின், அவரை உலகறிய நான் வணங்குகிறேன் என்று அரசன் எழுதி வைத்திருக்கிறான். யாரை வணங்கினான்? தன் வம்சத்தாரை என்று சொல்லவில்லை, இன்ன நாட்டார் என்று சொல்லவில்லை, பெயர் எதுவும் குறிக்கவில்லை. பழுதும் வந்தது. 1924-இல் கோபுரம் தீக்கிரையாகிப் பிளந்து, வெகுகாலம் மொட்டைக் கோபுரமாக நின்றது. நாங்கள் சிறுவர்களாக அண்ணாந்து பார்த்ததெல்லாம் அந்தப் பிளவைத்தான். 1990-இல் ஒன்பது நிலைக் கோபுரம் எழுந்து கும்பாபிஷேகம் நடந்தது. அரசன் பெயர் சொல்லாமல் அழைத்தான். அந்த அழைப்பைத் தங்களுடையதென்று எடுத்துக்கொண்டு வந்தார்கள். இங்கேயோ பெயர் சொல்லியே அழைத்தும் நான் வரிசையில் நின்றேன்.

இதை வைத்துக்கொண்டு ஒரு சித்தாந்தம் கட்ட முயன்றேன்; கூடிவரவில்லை. பெயர் ஒன்றானால் உறவு உண்டு என்று சொல்லத் துணிந்தால், பெயரில்லாமல் அழைக்கப்பட்டவர்கள் கட்டிய கோபுரம் அதை மறுக்கிறது. பெயருக்கு ஒரு மதிப்பும் இல்லை என்று சொல்லத் துணிந்தால், கப்பலுக்காகத் தலைமுழுகிய ஆச்சி வந்து நிற்கிறாள். பெரியவர் போனது தன் பெயர் காதில் விழுந்ததனாலா, ஒரு குழந்தை அழுததனாலா? பெயர் வேறாக இருந்தால் போயிருக்கமாட்டாரா? அவரைத்தான் கேட்க வேண்டும். கேட்பதற்கு அவர் பெயரைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. நாளைக்கே அப்படி ஓர் அழைப்பு வந்தால் மூன்றாவது அடியை எடுத்து வைப்பேனா என்று கேட்டால், உறுதியாகப் பதில் சொல்ல என்னால் இயலவில்லை.

அருவியிலிருந்து வெளியே வந்தவுடன் தலையைக்கூடத் துவட்டாமல் மேஜையிடம் போனேன். குழந்தை இல்லை, பெரியவரும் இல்லை. அவர் குந்தியிருந்த இடத்தில், சாரல் நனைத்த சிமெண்டுத் தரையின் மேல், எண்ணெய் மட்டும் பல நிறம் காட்டித் திட்டாகக் கிடந்தது. “அந்தப் பிள்ளை?” என்று ஏட்டைக் கேட்டேன். “அப்பமே வந்து கூட்டிட்டுப் போயிட்டாவ” என்று சொல்லிவிட்டு, அவர் ஒலிபெருக்கியில் வேறொரு பெயரைச் சொல்லத் தொடங்கினார். வந்தவர் யார் என்று கேட்பதற்குள் அடுத்தவர்கள் மேஜையைச் சூழ்ந்துவிட்டார்கள். அந்தக் குழந்தை சொன்ன சிதம்பரம் ஊரா, ஆளா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.