தண்ணீர்ப் பந்தலை எங்கே வைக்கணும்?



திங்களூர் அப்பூதி அடிகளைப் பெரியபுராணத்தில் படித்திருப்பீர்கள். திருநாவுக்கரசரை நேரில் பார்க்கும் முன்பே அவர் பெயரில் தண்ணீர்ப் பந்தல் வைத்தவர். எங்கே வைத்தார்? தன் வீட்டுக்குள்ளேயா? இல்லை. வெயிலில் நடந்து வருகிறவர் கைக்கு எட்டும்படி வழியில் வைத்தார். கிணற்றில் தண்ணீர் இருந்தால் மட்டும் தாகம் தீருமா?

நம் தோட்டங்களை நினைத்துப் பாருங்கள். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். ஆனால் செம்பனைக் காட்டைத் தாண்டிப் போய்வரக் கார் வாடகை எவ்வளவு? பிள்ளைகளோ வெளியூரில். "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று பாட்டி இருந்துவிடுகிறார். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இனிப்பு நீர். இந்தியர்களிடம் இன்னும் அதிகம். மருந்து தவறினால் கண்ணும் சிறுநீரகமும் வலியே தெரியாமல் கெடும். சின்னப் புண்ணுக்காகக் காலையே எடுக்க நேரும்.

அன்னதானத்தில் ஓடி ஓடிப் பரிமாறுகிறோம். நல்லதுதான். அதோடு இதையும் செய்வோம். கிளைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தோட்டத்துப் பெரியவர்களின் கிளினிக் தேதிகளை அதில் எழுதி வைப்போம். கார் உள்ளவர் அன்றைக்குக் கூட்டிப் போகட்டும். இன்னொருவர் கூடவே உட்கார்ந்து, டாக்டர் மலாயில் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்லட்டும்.

அப்பூதி அடிகள் அந்தப் பந்தலில் தன் பெயரை எழுதவில்லை. நாமும் படம் எடுத்துப் போட வேண்டாம். பாட்டி மருந்தோடு வீடு திரும்பட்டும். அதுவே நம் சிவபூஜை.