ஓடி வழிபடலாமா?
கோயிலை வலம்வருபவர் நிறைமாதக் கர்ப்பிணி எண்ணெய்க்குடம் சுமப்பதுபோல் மெல்ல நடக்க வேண்டும் என்பது மரபு. ஆனால் குமரி மாவட்டத்துச் சிவாலய ஓட்டத்தில் ஓட்டமே வழிபாடு. மகா சிவராத்திரியையொட்டி, காவியுடுத்தி, பனையோலை விசிறியுடன் அடியார்கள் கூட்டமாக முஞ்சிறைத் திருமலையிலிருந்து திருநட்டாலம்வரை 12 சிவாலயங்களுக்கு ஓடுகிறார்கள். முழக்கமோ ‘கோவிந்தா, கோபாலா!’ திருமால் பெயரைப் பொறாத, பாதி மனிதனும் பாதி விலங்குமான புருஷாமிருகம் துரத்த, பீமன் அப்படிக் கூவி ஓடினான் என்கிறது தலக்கதை. அவன் அச்சத்தில் ஓடிய வழி பக்தர்களுக்கு நோன்பானது. இம்மாற்றமே இவ்வழிபாட்டின் உயிர். சிவாலய ஓட்டம்போலவே, 2004இல் லண்டன் புஷி பூங்காவில் தொடங்கிய வாராந்தர 5 கிலோமீட்டர் ஓட்டமும் போட்டியன்று, கூடுகையே. அங்கே தெய்வம் இல்லை. இங்கே ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறைவனுக்கு விசிறுகிறார்கள். இறுதித் தலமான திருநட்டாலத்தில் சிவனும் திருமாலும் சங்கரநாராயணராக ஒன்றுகிறார்கள்.