உளி போன வழியெல்லாம் வெளிச்சம்

ஆண்டவரே, கறுப்பு மையில் நீர் இவ்வளவு பிரகாசிப்பீர் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே! ஞாயிறு பள்ளிப் படங்களில் உம்மைக் கண்டு வளர்ந்தவள் நான். இளநீல வானம், தோளில் ஆட்டுக்குட்டி, காலடியில் லீலி புஷ்பம். அந்த நிறங்களுக்கெல்லாம் ஸ்தோத்திரம். ஆனால் சேனைகளின் கர்த்தர் என்று ஜெபத்தில் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேனே, அந்தச் சேனை எப்படியிருக்கும், அதன் நடுவே நீர் எப்படி நிற்பீர் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. குஸ்தாவ் டோரேயின் போர்ப் படங்களுக்கு முன்னால் உட்கார்ந்தபோதுதான் அந்த நாமம் என் எலும்புக்குள் இறங்கியது.

லண்டன் காஸல் நிறுவனத்தார் வெளியிட்ட பழைய வேதாகமம் அது. ஓர் இறையியல் கல்லூரி நூலகத்தில் கேட்டு வாங்கிப் பார்த்தேன். விரித்து வைத்ததும் மேசையில் வேறெதற்கும் இடமில்லை. மூலப் பதிப்பு 1866-ஆம் ஆண்டைத் தாங்கி, பிரான்சின் தூர் நகரத்து மாம் பதிப்பகத்திலிருந்து இரண்டு பெருந்தொகுதிகளாக வந்தது. இருநூறுக்கு மேற்பட்ட முழுப்பக்கப் படங்கள். வரைந்தவர் 1832-இல் ஸ்ட்ராஸ்பூர்கில் பிறந்தவர். எந்தக் கலைப்பள்ளியிலும் முறையாகப் பயிலாதவர். கலை விமர்சகர் ரஸ்கினுக்கு இவரைக் கண்டாலே ஆகாது. எல்லாம் மிகை, எல்லாம் நாடகம் என்று குறை சொன்னவர்களும் உண்டு. மிகைதான். சமுத்திரம் இரண்டாகப் பிளந்ததை அடக்க ஒடுக்கமாக எப்படி வரைவது?

படத்துக்குள் போகுமுன், இந்தப் படங்களைச் செதுக்கிய மரத்தைப் பற்றிச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. பாக்ஸ்வுட் என்ற மரம். மெதுவாக வளரும், இறுகி வளரும், தண்டு அதிகம் பருக்காது. அதைக் குறுக்கே அறுத்து, துண்டுகளைத் திருகாணி போட்டு இறுக்கிச் சேர்த்துத்தான் பெரிய பலகை ஆக்குவார்கள். அதன்மேல் டோரே தூரிகையும் மையும் வெள்ளைச் சாயமும் கொண்டு நேரடியாகவே வரைந்துவிடுவார். பிறகு பலகை செதுக்குபவர் கைக்குப் போகும். பிசான், பன்மேக்கர் என்று அவர்களுக்கும் பெயர் உண்டு; படத்தின் அடியில் ஒரு மூலையில் டோரேயின் பெயர் இருந்தால் மறு மூலையில் அவர்கள் பெயர் இருக்கும். மணல் அடைத்த தோல் திண்டின்மேல் பலகையை வைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே குனிந்து பார்த்து, மயிரிழை மயிரிழையாகச் செதுக்குவார்கள். இரவு வேலையானால் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குண்டின் வழியே விளக்கொளியைக் குவித்துக்கொள்வார்கள். உளி தொடாத இடம் மையை வாங்கிக் கறுப்பாகப் பதியும். உளி போன வழியெல்லாம் தாளில் வெள்ளை.

இதைப் படித்து அறிந்த அன்று எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. அந்தத் தொழிலாளி இருட்டைச் செதுக்குவதே இல்லை! இருட்டு பலகையில் முன்னமே இருக்கிறது. அவர் இரவும் பகலும் உட்கார்ந்து செய்ததெல்லாம் வெளிச்சம் ஒன்றுதான். அதையும் மரத்தைக் கீறாமல் செய்ய முடியாது. செதுக்கச் செதுக்க, டோரே வரைந்த மூலச் சித்திரம் சீவலாக உதிர்ந்து போய்க்கொண்டே இருக்கும்; அது முழுதும் அழிந்தபோதுதான் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் போகவேண்டிய படம் பிறக்கும். ஆதியாகமத்தின் தொடக்கத்தில் ஒளி உண்டான காட்சியை இவர்கள் வைத்திருக்கிறார்கள். கீழே இருண்ட ஜலம். மேலே மேகத்தைப் பிளந்துவரும் கதிர். கர்த்தாவே, நீர் செய்ததைத்தானே அந்தப் பலகையில் அவர்களும் செய்தார்கள்! இருளை நோக்கிப் பேசினீர். அவர்கள் இருளுக்குள் உளியை இறக்கினார்கள். அந்தப் பக்கத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது.

பிறகு போர்கள் தொடங்கின. எரிகோவின் மதில் சரிகிறது. மிதியானியர் ஓடுகிறார்கள். இவற்றை வேகமாகத் தாண்டிவிட்டேன். கிபியோனில் யோசுவாவைக் கண்டதும் கை நின்றது. உயர்ந்த பாறையின்மேல் ஒரு மனிதன் கையை நீட்டி நிற்கிறான். கீழே சேனைகள் மோதுகின்றன. மேகத்துக்குள்ளிருந்து சூரியக் கதிர்கள் விசிறியாக விரிகின்றன. ஒவ்வொரு கதிரும் ஒரு நேர்க்கோட்டு வெட்டு. ஒரு கோடு நடுங்கியிருந்தால் சூரியன் கோணியிருக்கும். நடுங்கவில்லை. தன்னோடு உடன்படிக்கை செய்த கிபியோனியரைக் காப்பாற்ற வந்தவன் யோசுவா. அவன் வாய்ச்சொல்லுக்கு வானத்தை நிறுத்திக் கொடுத்தவர் நீர். ஒரு மனிதன் கொடுத்த வாக்கைக் காக்கச் சூரியனையே கிபியோனுக்கு மேலே காக்க வைத்த தேவனே, உமக்கு மகிமை! கிபியோனியர் என்ற இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

சனகெரிப்பின் பாளயத்தில் இறங்கும் தேவதூதன் வேறு விதம். ஒரே இரவில் 1,85,000 பேர் என்கிறது வேதம். டோரேக்கு அந்த எண்ணிக்கை பயம் தரவில்லை. உடல்மேல் உடலாக, குதிரைமேல் குதிரையாக அடுக்கிக்கொண்டே போகிறார். மேலே மட்டும் வெளிச்சம். அந்த வெளிச்சத்தைப் பார்த்து எசேக்கியாவோடு சேர்ந்து நானும் முழங்காலில் நின்றேன் என்றுதான் சொல்ல வேண்டும், உடல் நாற்காலியில் இருந்தாலும்.

இனிச் செங்கடல்.

படத்தில் பெரும்பகுதி தண்ணீர்தான். பார்வோன் தெரிந்தெடுத்துக் கொண்டுவந்த 600 இரதங்களும், குதிரைகளும், வீரர்களும் அதில் புரள்கிறார்கள். மீண்டு வந்த ஜனம் தூரத்துக் கரையில் சிறுத்துத் தெரிகிறது. முதலில் நான் கரையைத்தான் பார்த்தேன். மிரியாம் தம்புரு எடுத்த கரை அல்லவா! சின்ன வயதிலிருந்து பாடிய விடுதலைப் பாட்டெல்லாம் தொண்டைக்கு வந்து முட்டியது. அடிமைகளின் தேவனே, செங்கல் அறுத்தவர்களின் கண்ணீரை எண்ணி வைத்தவரே, தண்ணீரைச் சுவராக்கியவரே, அல்லேலூயா! என் தாத்தா ஜெபத்தில் இந்தக் கடலைச் சொல்லும்போதெல்லாம் குரல் உயரும். அந்தக் குரல் காதுக்குள் கேட்டது. மயிர்க்கூச்செறிந்து உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் கண் கீழே இறங்கியது. இறங்காமல் இருக்க முடியாது, டோரே விடமாட்டார். அருகே வந்து அலைமேல் தலை தூக்குகிறவர்கள் எகிப்தியர்கள். கை தூக்குகிறார்கள். குதிரை வாய் பிளந்து மூச்சு வாங்குகிறது. செதுக்குபவர் தன் உளியின் நேரத்தையெல்லாம் செலவழித்திருப்பது இவர்களுக்காகத்தான். நுரையின் வெள்ளை, நனைந்த தோளின் வெள்ளை, திறந்த கண்ணின் வெள்ளை எல்லாம் செதுக்கி எடுத்த வெளிச்சம். நான் யாரைச் சத்துரு என்று பாடினேனோ, அவன் முகத்தில் ஒரு தொழிலாளி கண் எரிய உட்கார்ந்து ஒளியை வைத்திருக்கிறான்.

என் துதி நின்றுபோயிருக்கலாம். நிற்கவில்லை, அதுதான் அதிசயம். ஆழமாயிற்று. யூதக் குடும்பங்களில் பஸ்கா இரவில் பத்து வாதைகளின் பெயரைச் சொல்லும்போது கிண்ணத்திலிருந்து திராட்சரசத்தைத் துளித்துளியாகச் சிந்துவார்கள். நம்முடைய மீட்புக்காக வேறு மனிதர் துன்பப்பட்டார்கள், ஆகவே நம்முடைய சந்தோஷக் கிண்ணம் கொஞ்சம் குறையட்டும் என்று அதற்குப் பொருள் சொல்வதுண்டு. மீண்டவர்களின் பிள்ளைகளே இத்தனை நூற்றாண்டாகச் சிந்தும்போது, அந்த இரவில் அங்கே இல்லாத நான் ஒரு துளிகூடச் சிந்தாமல் பாடலாமா? அந்தப் பக்கத்தில் நான் எகிப்தியனுக்காக ஜெபித்தேன். செத்து மூவாயிரம் ஆண்டுக்கு மேல் ஆனவனுக்காக எங்கள் சபையில் ஜெபிக்கும் வழக்கமில்லை. போதகர் கேட்டால் என்ன சொல்வாரோ! ஜெபித்தேன். உம்முடைய பிரசன்னம் விலகவில்லை, ஆண்டவரே. நெருங்கி வந்தது.

அதே தொகுதிக்குள் இன்னொரு கடற்போர் உண்டு. ஏசாயா சொன்ன லிவியாதான். அலைகளுக்குள்ளே வளைந்து நெளியும் சர்ப்பம். மேலே ஒளிவெள்ளத்துக்குள்ளிருந்து பட்டயத்தோடு வரும் உருவம். அங்கே மனித முகம் ஒன்றும் மூழ்கவில்லை. அங்கே மட்டும் கிண்ணத்தில் ஒரு துளியும் குறையாமல் துதித்தேன். உம்முடைய யுத்தம் உண்மையில் யாரோடு என்பதை அந்த ஒரு பலகை எனக்குப் பிட்டுப் பிட்டு வைத்துவிட்டது.

மக்கபேயர் நூல் நாங்கள் படிக்கும் வேதாகமத்தில் கிடையாது. ஆகவே யானைப் போர்ப் படத்துக்கு வந்தபோது கொஞ்சம் திகைத்தேன். எலெயாசார் யானையின் வயிற்றுக்கு அடியில் புகுந்து குத்துகிறான். விழும் யானை அவன்மேலேயே விழும். அந்த யானைகளை நடத்தியவர்கள் இந்தியப் பாகர்கள் என்று அந்நூல் சொல்வதைப் பின்னால் படித்தேன். யாரோ ஒரு நம்மூர்க்காரன், யாருடைய சண்டைக்கோ போய், யூதேயா மலைநாட்டில்! அவனுக்கும் ஒரு ஜெபம் வைத்தேன்.

டோரே 1877-இல் மிஷோவின் சிலுவைப் போர் வரலாற்றுக்கு 100 படங்கள் வரைந்தார். அதையும் புரட்டினேன். கோட்டை, குதிரை, கடற்பயணம், கொலை. கை வண்ணம் குறையவே இல்லை. என் நாவில்தான் ஸ்தோத்திரம் வரவில்லை. உம்முடைய சிலுவையை மார்பில் தைத்துக்கொண்டு மனிதர் நடத்திய கொலைகளில் உம்மைத் தேடி நான் களைத்துப்போனேன். மூடிவிட்டேன். அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

இரண்டு புத்தகங்களுக்கும் நடுவே டோரேயின் வாழ்வில் ஒரு நிஜப் போர் வந்தது. 1870-இல் பிரஷ்யப் படை பாரிசை முற்றுகையிட்டபோது அவர் நகரக் காவற்படையில் சேர்ந்து உள்ளேயே இருந்தார். அவர் பிறந்த ஸ்ட்ராஸ்பூர்க் பீரங்கிக் குண்டுகளில் எரிந்தது. ஆகஸ்டு 24 இரவு அதன் நூலகம் பழஞ்சுவடிகளோடு சாம்பலானது. மறு ஆண்டு ஊரே ஜெர்மனிக்குப் போய்விட்டது. அந்த 1871-இல் அவர் வரைந்த ஓவியத்துக்குப் பெயர் புதிர். வண்ணங்களை ஒதுக்கிவிட்டு வெறும் சாம்பல் சாயலில் வரைந்தார். மேட்டில் இறந்துகிடப்பவர்கள், தூரத்தில் புகையும் நகரம், சிறகுள்ள ஒரு பெண் ஸ்பிங்ஸைப் பற்றிக்கொண்டு பதில் கேட்கிறாள். இன்று பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வேதத்தின் போர்களுக்கெல்லாம் மேலே தவறாமல் ஒரு வெளிச்சம் வைத்தவர், தன் சொந்தப் போரின்மேல் ஒரு கேள்வியைத்தான் வைக்க முடிந்தது. அந்தக் கேள்வியையும் நான் ஜெபமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

அதற்குப் பதில் ஸ்பிங்ஸிடம் இல்லை. ஐந்து ஆண்டுக்கு முன் அவரே வரைந்திருந்த ரிஸ்பாளிடம் இருக்கிறது.

கிபியோனியரை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? யோசுவா கொடுத்த வாக்கை மீறிச் சவுல் ராஜா அவர்களை வெட்டினான். பிற்காலத்தில் தேசத்தில் பஞ்சம் வந்தது. அந்த இரத்தப்பழிக்கு ஈடாகச் சவுலின் வீட்டார் ஏழு பேரை தாவீது கிபியோனியர் கையில் ஒப்புக்கொடுத்தான். மலையில் தூக்கினார்கள். அதில் இருவர், அர்மோனியும் மேவிபோசேத்தும், ரிஸ்பாள் பெற்ற பிள்ளைகள். அவள் இரட்டுத்துணியைப் பாறையில் விரித்து உட்கார்ந்தாள். வாற்கோதுமை அறுப்பின் தொடக்கத்திலிருந்து மழை பெய்யும் வரை, பகலில் பறவையையும் இரவில் காட்டு மிருகத்தையும் அண்டவிடவில்லை. படத்தில் உயரே உடல்கள். சுற்றி இறங்கும் பறவைகள். கீழே கையை ஓங்கிக்கொண்டு ஒரு தாய். யோசுவாவுக்கு நின்ற சூரியன் இவளுக்கு நிற்கவில்லை. நாள் தவறாமல் உதித்துச் சுட்டது. தன் பிள்ளைகளை மட்டுமா காத்தாள்? மற்ற ஐந்து பேரையும் சேர்த்துக் காத்தாள்.

நானும் வேத வசனத்தை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். ஏழு பேரைத் தூக்கியதும் தேவன் தேசத்துக்கு இரங்கினார் என்று அங்கே இல்லை. ரிஸ்பாள் செய்தது தாவீதின் காதுக்கு எட்டியது, அவன் போய்ச் சவுலின் எலும்பையும் யோனத்தானின் எலும்பையும் வாங்கி வந்தான், தூக்கப்பட்டவர்களின் எலும்புகளையும் சேர்த்தார்கள், அடக்கம் பண்ணினார்கள். அதற்குப் பிறகுதான் தேவன் இரங்கினார் என்று எழுதியிருக்கிறது. எத்தனை முறை வாசித்த அதிகாரம் இது! இந்த வரிசை என் கண்ணில் படுவதற்கு பாக்ஸ்வுட்டில் ஒருவன் செதுக்க வேண்டியிருந்திருக்கிறது.

சேனைகளின் கர்த்தரே! ஒரு சேனையும் இல்லாதவளின் பக்கத்தில் அல்லவா நீர் இருந்தீர்! பார்வோனின் குதிரைமேல் விழுந்த வெளிச்சமும், யோசுவாவின் பாறைமேல் விழுந்த வெளிச்சமும், இவள் ஓங்கிய கையின்மேல் விழும் வெளிச்சமும் ஒரே கையின் வேலை. உமக்கு ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்! கடைசி வார்த்தை வாய்விட்டே வந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். மிரியாமுக்குக் கடற்கரையில் தம்புரு கிடைத்தது; எனக்குக் கிடைத்தது தேக்கு மேசை. அதையே தட்டி, ரிஸ்பாளின் பெயரையும் சேர்த்துப் பாடினேன்.